வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு கரண்டி

என்னை மூன்று வருஷம் தினமும் காலையில் ஒரு பெண் தடவிப் பார்த்தாள். ஞாயிறு மட்டும் லீவு. கட்டிக்கொண்டவர்கூட அவ்வளவு ஒழுங்காக என்னைத் தொட்டது கிடையாது.

அது மலாயாவில் அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டம் நியாலாஸ் பக்கம். லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு நாங்கள் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாதாம். அதனால் பால் வெட்டப் போகிறவர்கள் தண்ணீர் தவிர வேறு எதையும் கேட்டுக்கு வெளியே கொண்டு போக முடியாது. மடியில் அவித்த மரவள்ளித் துண்டு ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். ஆண்களைப் போலீஸ்காரர்கள் கேட்டிலேயே நிறுத்திச் சோதித்தார்கள். பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அவள் இருப்பாள்.

சோதனைக்காரி என்று எழுதினால் கடுமையாக இருக்கிறது. நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் புருஷன் இந்தியாவில் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினவன், திரும்பவில்லை. அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவள் சொல்லாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தோம். பல்வலி, காலாணி, நாத்தனாரோடு சண்டை, எல்லாம் சொல்வாள். கை ஒரு பக்கம் தடவும், வாய் ஒரு பக்கம் ஓடும். ஆனால் ஒருத்திக்கு அரை நிமிஷம்தான். அதனால் கதையை நிறுத்த மாட்டாள், ஆளை மாற்றிக்கொள்வாள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு நடக்கும்போது ஒட்டிப் பார்ப்போம்.

"ஒனக்கு எது வரைக்கும் சொன்னாங்க?"

"நாத்தனா செருப்ப எடுத்த வரைக்கும்."

"எனக்கு செருப்பு பறந்துச்சு. யாரு மேல விழுந்துச்சு?"

"அது பின்னாடி வர்றவளக் கேளு."

நான் கேட்டுக்கொண்டே நடப்பேன். எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடம் ரெண்டு வகுப்பு. அங்கேயும் பேசினதில்லை. என் வீட்டுக்காரர் என்னைவிட மோசம். பால் ஸ்டோரில் ஷீட் அடிக்கிற மெஷினில் அவருக்கு வேலை. அந்தச் சத்தத்தில் பேசவே தேவையில்லை. எங்கள் வீட்டில் அதிகம் பேசியது பூனைதான்.

அரிசியையும் எங்கள் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பச்சை அரிசியாகக் கொடுத்தால் காட்டுக்குப் போகும், சோறாகக் கொடுத்தால் மறுநாளே ஊசிப்போகும் என்று கணக்கு. அதனால் தோட்டத்துக்கே ஒரே அடுப்பு. மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பாத்திரத்தோடு வரிசையில் நிற்போம். சமையல்காரரைப் பண்டாரி என்று கூப்பிடுவோம். ஆளுக்கு இத்தனை கரண்டி என்று அளந்து போடுவார். கறி குழம்பு நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பத்தொன்பது வயதில் வயிற்றில் பிள்ளை நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மரத்தடியில் வாந்தி எடுத்ததைப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவள் பார்த்துவிட்டாள். அது போதாதா? அன்று மதியம் பண்டாரி என் பாத்திரத்தில் எங்கள் பங்கைப் போட்டுவிட்டு, இன்னொரு கரண்டியைத் தூக்கிப் பிடித்தார்.

"இது வயித்துப் புள்ளைக்கு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் ஒரு கரண்டி கூட, தினமும் அதே வார்த்தை.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது போய்விட்டது. வீட்டுக்காரர் முடி வெட்ட நியாலாஸ் போயிருந்தார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். தரையைக் கழுவினேன். அவர் வந்து சட்டைப் பையிலிருந்து நாலு மாங்காயை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். புளிப்பு மாங்காய், எனக்காக வாங்கியது.

"காது மேல ஒரு பக்கம் ஏத்தி வெட்டிட்டான் பாரு," என்றார்.

பார்த்தேன். ஒரு பக்கம் ஏற்றம்தான். நாலு மாங்காயை முன்னால் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மதியம் வரிசையில் நின்றேன். "வயித்துப் புள்ளைக்கு," என்று பண்டாரி கரண்டியை நீட்டினார். பாத்திரத்தைக் காட்டினேன். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

அந்தக் கரண்டிச் சோற்றை என்னால் தின்ன முடியவில்லை. அது என் சோறு இல்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கு தின்று வளர்ந்தவள் நான், சோற்றைக் கீழே கொட்டத் தெரியாது. அதனால் அடுப்புக்கு மேல் முறத்தில் பரப்பிக் காயவைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். காய்ந்த சோறு மாதக்கணக்கில் கெடாது. காட்டில் இருப்பவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

இன்னொரு தொல்லை இருந்தது. எல்லாக் கரண்டியும் ஒரே பாத்திரத்தில்தான் விழும். எது எங்கள் சோறு, எது பிள்ளையின் சோறு என்று பார்த்தால் தெரியாது. முதல் வாரம் குத்துமதிப்பாக ஒரு கரண்டி ஒதுக்கினேன். பிறகு, ஒதுக்கியது பத்தாதோ என்று சந்தேகம் வந்தது. இன்னும் கொஞ்சம் ஒதுக்கினேன். சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்காரருக்கு முதலில் போட்டுவிடுவேன். மிச்சம் மொத்தமும் முறத்துக்குப் போயிற்று. எனக்குக் கறுப்புக் கோப்பியும் மாங்காயும் போதும் என்று ஆகிவிட்டது. அப்புறம் மாங்காயும் வேண்டாம் என்று ஆயிற்று.

யாருக்கும் தெரியாது. பெண் கடைசியில் சாப்பிடுகிறவள், அவள் எவ்வளவு தின்றாள் என்று யார் பார்ப்பது? வேலைக்குப் போட்டுப் போவது வீட்டுக்காரரின் பழைய சட்டை. அதற்குள் இரண்டு பேர் இருந்தாலும் தெரியாது, அரை ஆள் இருந்தாலும் தெரியாது. காலையில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். "ஆச்சு," என்பேன். அது எனக்குச் சுலபமாக வந்த ஒரே பேச்சு.

இப்படி ஒரு மாதம் போனது. ஒரு நாள் கேட்டைத் தாண்டி மரம் வரை போன பிறகுதான் உளியை வீட்டில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போக மறுபடி சோதனை. கொட்டகைக்குள் நுழைந்தேன்.

அக்கா குந்தி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். எங்களிடம் பறித்ததைப் போட ஒரு மண்ணெண்ணெய் டின் உண்டு. அது அவள் மடியில் இருந்தது. வாழைப்பழம், கிழங்கு, யாரோ சேலையில் முடிந்து வைத்திருந்த வெல்லம், பாதி கோதுமைத் தோசை. ருசி பார்த்துத் தின்கிறவள் மாதிரி இல்லை. வேலையை முடிக்கிறவள் மாதிரி தின்றாள். வாய் நிறைய இருந்ததால் முதல் தடவையாக அவளிடம் பேச்சு இல்லை.

விழுங்கிவிட்டுச் சொன்னாள். "யாருகிட்டயும் சொல்லிராத புள்ள."

நான் தலையாட்டினேன்.

"டெய்லி இப்படித்தான். பசின்னு இல்ல. பறிச்சத பாத்தா கை நிக்க மாட்டேங்குது. அப்புறம் பின்னாடி போயி எல்லாத்தையும் கக்கிருவேன். மனசுக்கு வெளக்கி வச்ச சட்டி மாதிரி இருக்கும். மறுநா மறுபடி."

அவள் எழுந்து வாயைத் துடைத்துவிட்டு என்னைத் தடவினாள். விலாவில் கை வந்ததும் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "போ," என்றாள்.

நாத்தனார் செருப்பை ஊருக்கே சொன்னவள் இதை எனக்கு மட்டும் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதிலுக்கு நானும் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அடுத்த மாதம் லயத்துச் சோதனை வந்தது. மதியம் லாரியில் போலீஸ் வந்து இறங்கியது. எங்களை எல்லாம் காலையில் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிற மைதானத்தில் நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனார்கள். என் கட்டிலுக்குக் கீழே இருந்த டின் ஒரு போலீஸ்காரன் தலையில் ஏறி வந்தது. மூடி சரியாக மூடவில்லை, அவ்வளவு நிறைந்திருந்தது. சார்ஜன் மூடியை எடுத்து உள்ளே கை விட்டார். காய்ந்த சோறு கல் மாதிரி சலசலத்தது.

"யாரு வீடு?" என்று கிராணி கேட்டார்.

வீட்டுக்காரர் முன்னால் போனார். அவர் அந்த டின்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னுதுதான்," என்றார்.

"யாருக்குச் சேத்து வச்ச?"

அவருக்கு அதற்கு மேல் தெரியாதே. லாரிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இப்படி லாரியில் ஏறிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவன் தடுப்பு முகாமில் இருந்தான். இன்னொருவனை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள், பெண்டாட்டி பிள்ளை இங்கே. நான் வாயைத் திறக்க வேண்டும். அது தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

"பொம்பளையையும் சோதிங்க," என்று சார்ஜன் சொல்லிவிட்டார். என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

"கையத் தூக்கு," என்றாள் அக்கா. தூக்கினேன். அவள் கை நேராக வயிற்றில் வந்து நின்றது.

"இங்க ஒன்னும் இல்லன்னு எனக்குத் தெரியும் புள்ள."

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா. வயிறு வளரணும். ஒனக்கு எலும்புல்ல வளருது."

"ஏன் கேக்கல?"

"நான் ஒன்னக் கேட்டா நீ என்னக் கேப்ப. டின்னு காலியாப் போறத."

வெளியே லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, முடிவெட்டு, மாங்காய், கரண்டி, முறம், டின். அதற்கு முன் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை. முழுக்கவும் அரை நிமிஷம்தான் இருக்கும். அக்கா ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். அவளுக்கு அது பழக்கமில்லை, கஷ்டப்பட்டாள்.

"வெளிய நான் சொல்லட்டா? எனக்குப் பேச வரும்."

"நீங்க ஆளுக்கு ஒரு துண்டு சொல்லுவீங்க. லாரி போயிரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அதோடு வெளியே போனோம்.

கிராணி முன்னால் நின்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் சத்தமாகச் சொன்னேன்.

"அது அவருது இல்ல, என்னுது. வயித்துல புள்ள இல்ல. மூனாம் மாசமே போயிருச்சு. பண்டாரி போட்ட புள்ளச் சோறு அது. திங்க முடியல. கொட்டவும் முடியல. அதான் வச்சிருந்தேன்."

பண்டாரி கூட்டத்தில் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கிராணி மலாயில் எடுத்துச் சொன்னார். நடுவில் தடுமாறினார். அந்தப் பேச்சு அவருக்கு எந்த மொழியிலும் பழக்கமில்லை. சார்ஜன் அவரை நிறுத்திவிட்டு என்னையே கேட்டார். "பெராப்பா பூலான்?" எத்தனை மாதம் என்று.

"தீகா," என்றேன். மூன்று.

"பொய்யின்னா?" என்றார் கிராணி.

அக்கா முன்னால் வந்தாள். "பொய் இல்லங்க ஐயா. டெய்லி இவளத் தடவுறவ நான். இவ ஒரு வாய் சோறு தின்னு மாசமாச்சு. வெலாவுல கைய வச்சா தாயக்கட்டை மாதிரி உருளுது. இவ எங்கிட்டு காட்டுக்காரனுக்குக் கொடுக்கிறது, இவளுக்கே ஆளு இல்ல கொடுக்க."

"மாசமாத் தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பேச வருகிறவள். என்னைப் பார்த்தாள்.

"இவளுக்கும் என் சமாச்சாரம் ஒன்னு தெரியும் ஐயா. நீங்க பறிக்கச் சொன்னத எல்லாம் நான் தின்னுருவேன். தின்னுட்டுக் கக்கிருவேன். அதான் டின்னு காலி."

கிராணி இதையும் சொன்னார். சார்ஜன் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்கள் தோட்டத்துப் பெண்கள்தான் அந்த வட்டாரத்திலேயே ஒழுங்கு, ஒரு பழம்கூடக் கடத்துவதில்லை, டின் எப்போதும் காலி என்று துரையிடம் பெருமையாகச் சொல்லி வந்தாராம். பின்னால் கிராணி சொல்லித் தெரிந்தது.

சார்ஜன் டின்னை மூடினார். அழுத்தி அழுத்தி மூடினார். போலீஸ்காரனிடம் கொடுத்து லாரியில் ஏற்றச் சொன்னார். வீட்டுக்காரரைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டினார். லாரி டின்னோடு மட்டும் போயிற்று. அக்காவின் வேலையும் போகவில்லை. பெண்களைத் தடவிப் பார்க்கிற வேலைக்கு வேறு யாரும் வர மாட்டேன் என்றார்கள். ஆனால் பறித்ததை இனி அப்போதைக்கப்போதே கேட்டில் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் சொன்னார்.

"அன்னிக்கி நான் முடி வெட்டப் போவாம இருந்திருக்கலாம்."

"போனதே நல்லது. காடு மாதிரி இருந்துச்சு."

அவர் ஒரு பக்கம் ஏற்றி வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். முடி வளர்ந்துவிட்டது.

மறுநாள் வரிசையில் பண்டாரி எங்கள் பங்கைப் போட்டார். கரண்டி பழக்கத்தில் மறுபடி சோற்றுக்குள் போய் மேலே வந்துவிட்டது. அப்படியே நின்றார். வரிசையும் நின்றது.

"வேணாண்ணே. ரெண்டு பேருதான்," என்றேன்.

கரண்டியைத் திரும்ப அண்டாவில் கவிழ்த்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அன்று பாத்திரத்தில் இருந்தது முழுக்க எங்கள் சோறு. வீட்டுக்காரர் எனக்கும் தட்டு எடுத்து வைத்தார், தன் தட்டுக்குப் பக்கத்தில். அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. மூன்று வாய் தின்றேன். நாலாவது போகவில்லை. மிச்சத்தைப் பூனைக்குப் போட்டார்.

அதற்குப் பிறகு காலைச் சோதனை மாறிவிட்டது, எனக்கும் அக்காவுக்கும் மட்டும். கையைத் தூக்குவேன்.

"நேத்து?"

"அஞ்சு வாயி. நீங்க?"

"ரெண்டு பழம். கக்கல."

அரை நிமிஷம் அதற்குப் போதும். சில நாள் "நேத்து?" என்றால் "ஒன்னும் இல்ல," என்பேன். சில நாள் அவள், "எல்லாம் போச்சு புள்ள," என்பாள். கோபிக்க மாட்டோம், புத்தி சொல்ல மாட்டோம். நாளைக்குக் கேட்பார்கள் என்று தெரிந்தால் இன்றைக்கு ஒரு வாய் கூட இறங்கும். எனக்கு அப்படித்தான் இறங்கியது. மற்றப் பெண்கள்தான் குறைப்பட்டார்கள்.

"ஒங்கிட்ட வந்ததும் கதை அறுந்து போவுது. அப்படி என்னலா ரெண்டு பேரும் பேசுறீங்க?"

"சாப்பாட்டுக் கதை," என்பேன்.

"அது என்னா கதை, அதான் டெய்லி திங்கிறோமே," என்பார்கள்.

மறு வருஷம் எனக்கு மறுபடி நின்றது. முதலில் தெரிந்தது அக்காவின் கைக்குத்தான். இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்டோர் முழுக்கக் கேட்டுவிட்டது.

கம்பி வேலியை எடுத்த பிறகு அக்காவுக்கு அந்த வேலை இல்லை. புலாவ் செபாங்கில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை. சாப்பாட்டுக் கடையிலா என்று எனக்குப் பயம்தான். "அதுவும் ஒரு சோதனைதான் புள்ள," என்றாள்.

எனக்கு இன்றைக்கும் சில நாள் சோறு தொண்டையில் நிற்கும். காரணம் ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் பார்ப்பேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி புலாவ் செபாங் போவேன். கடைக்குள் நுழைந்ததும் அவள் வா என்றுகூடச் சொல்ல மாட்டாள். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க நான் கையைத் தூக்குவேன். அவள் வந்து என் விலாவில் கை வைத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் கோப்பி கலக்கப் போவாள்.